முப்பத்திமூன்றில் சுற்றிய தட்டு

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு வாக்கியம். போன ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு ஜாஸ்லின் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லாத வாக்கியம் வயிற்றிலேயே கிடந்தால் புளித்துப்போகும். புளித்து இன்றோடு ஐந்து நாள். இன்று வெள்ளி. நாளை மறுநாள் மறுபடியும் ஞாயிறு. அதற்குள் இதை எழுதி முடித்தாக வேண்டும். பிறகு எழுதினால் பயனில்லை.

தொடக்கத்துக்கே மூன்று பக்கம் வீணாகிவிட்டது.

முதல் தொடக்கம்: "கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, மஞ்சள் சுவர் வைத்த பழைய வீடொன்றிலிருந்து மெல்லிய இசை கசிந்து—" அடித்துவிட்டேன். மஞ்சள் சுவர் வெளியூர்க்காரர்கள் சாய்ந்து நின்று படம் எடுப்பதற்கு. கசிவது தண்ணீர்க் குழாய்.

இரண்டாம் தொடக்கம்: "பத்தொன்பது வயது ஜாஸ்லினுக்கு யாரிடமும் முகம் பார்த்துப் பேச வராது. பாவம், அவள்—" பாவம் என்ற சொல்லைக் கண்டதும் பேனாவை மூடிவிட்டேன். அந்தச் சொல்லை அவள்மேல் போட ஊரில் ஆள் இருக்கிறது. நான் வேறு எதற்கு?

மூன்றாம் தொடக்கம்: "ஒரு இசைத்தட்டு எட்டு மாதம் தப்பான வேகத்தில் சுற்றியது. தப்பென்று தெரியாமல் பதினொரு பேர் தலையாட்டினார்கள்."

இது இருக்கட்டும். இதில் கொஞ்சம் காரம் இருக்கிறது.

(ஜாஸ்லின் யார் என்று கேட்காதீர்கள். 'அவள்' என்று எழுதினால்தான் எழுத்து நேராக வருகிறது.)

2

தலையாட்டிய இடம் ஒரு காபிக் கடை. முதலாளி வெற்றிச்செல்வன், வெற்றி சார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் சம்பாதித்துவிட்டு ஐம்பதாவது வயதில் புதுச்சேரிக்கு வந்தவர். பிரான்சுக்கும் இங்குமாக வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வீட்டிலிருந்து முன்னூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டுகளை மொத்தமாக வாங்கி, கடையின் நீள அறையில் அடுக்கினார். பாதி ஜாஸ். மீதி ராக்கிலே ஒரு வகை: பாட்டு ஒன்று இருபது நிமிடம் ஓடும், அதற்குள் நான்கு தடவை மனசு மாறும். அதற்கு ப்ரோக் என்று பெயராம். ஞாயிறுதோறும் நாலு மணிக்கு அந்த அறையில் கேட்கும் கூட்டம். பதினொரு பேர் வருவார்கள். தட்டு சுற்றும். சார் அதைப் பற்றிப் பேசுவார்.

ஜாஸ்லின் அரியாங்குப்பத்திலிருந்து பாலம் தாண்டி வந்து அங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். சாருக்கு இடுப்பு வலி. தட்டைப் பக்கம் மாற்ற இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருக்க முடியவில்லை. ஒருநாள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, சமையல்காரியிடம், "இந்தப் பொண்ண அனுப்பு வீராயி. இதுதான் வாயத் தொறக்காது, தட்டுக்குச் சரி" என்றார்.

வாய் திறக்காததற்காக அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பரிசு அந்த முக்காலி. ப்ளேயருக்குப் பக்கத்தில், சுவரோரம், சிவப்புத் துணி வைத்துத் தைத்தது.*

* இதற்குமுன் கிடைத்தவை: பதினொன்றாம் வகுப்பில் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லி எழுப்பிய ஆசிரியை, "சீக்கிரம், சீக்கிரம்" என்று மேசையைத் தட்டினார். தட்டத் தட்ட எழுத்துகள் ஓடிப்போயின. வாசலில் நிற்க வைத்தார்கள். ஒரு வாரம் நின்றாள். எட்டாம் நாள் பள்ளிக்கே போகவில்லை. இதைக் கதைக்குள்ளே வைக்காமல் அடிக்குறிப்பில் வைத்ததற்குக் காரணம், இது இந்தக் கதை இல்லை.

முதல் நாள் சார் பாடம் எடுத்தார். தட்டை விளிம்பில் பிடி. பிரஷ்ஷால் தூசி தட்டு. ஊசியை விழ விடாதே, இறக்கு. எல்லாம் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் ப்ளேயரின் மூலையில் இருந்த சின்ன ஸ்விட்சைக் காட்டினார். ஒரு பக்கம் முப்பத்திமூன்று, மறுபக்கம் நாற்பத்தைந்து. தட்டு நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்ற வேண்டும் என்பதற்கு. முப்பத்திமூன்றில் வைத்து, பழுப்பு நிறப் பார்சல் டேப்பைக் கிழித்து அதன்மேல் ஒட்டினார்.

"பெரிய தட்டு எல்லாமே முப்பத்திமூணுதான். இதத் தொட்ட, கை இருக்காது" என்று சிரித்தார்.

இரண்டாவது வாரம் சாம்பல் நிற அட்டையில் ஒரு ஜாஸ் தட்டு வந்தது. படம் கிடையாது. நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு 45 என்று அச்சிட்டிருந்தது. ஜாஸ்லின் எதையும் படிக்காமல் விடமாட்டாள். வடை மடித்த தாளைக்கூட விரித்துப் படிக்கிற ஜாதி. மூன்று தடவை எச்சில் விழுங்கிவிட்டு, "சார், இதுல நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு" என்றாள்.

"அது கம்பெனி நம்பர்மா. நீ எடுத்து வை."

எடுத்து வைத்தாள். அந்த அறையில் எட்டு மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். நான்கு சொற்கள். எண்ணிப் பாருங்கள்.

3

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒரு பட்டியலைப் பற்றிப் பேசப்போகிறேன். அவசரமென்றால் நாலாவதற்குப் போய்விடலாம். ஆனால் அவசரப்படுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெற்றி சாரின் அறையில் கண்ணாடி போட்டு மாட்டிய ஒரு பட்டியல் உண்டு: 'எனக்குப் பிடித்த பத்து ஆல்பங்கள்'. அதில் ஒன்பது எல்லாருக்கும் பிடித்தவை. இசை தெரிந்தவர் என்று பெயர் வாங்க வேண்டுமானால் பிடித்தே ஆகவேண்டியவை. பிடித்தது என்பது அதுவா? கல்யாண வீட்டில் பெரிய மனிதர்களை முன்வரிசையில் உட்காரவைப்பது போல உட்காரவைத்திருந்தார்.

ஜாஸ்லினும் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். நாற்பது பக்க நோட்டு, மேலே 'கணக்கு' என்று எழுதியிருக்கும், யாரும் திறக்காமலிருக்க. அவளுக்கு ஆல்பங்களின் பெயரை உச்சரிக்க வராததால் தானே பெயர் வைத்தாள். ஆல்பமாகவும் எழுதவில்லை, பக்கமாக எழுதினாள். புரட்டிப் போடுகிறவளுக்குத்தான் தெரியும், ஒரே தட்டின் இரண்டு பக்கமும் அண்ணன் தம்பி மாதிரி, ஒருவன் யோக்கியன் என்பதால் மற்றவனும் அப்படி என்று இல்லை.

நான்காவது: 'ஏழுக்காரன்', முதல் பக்கம். ப்ரோக். டிரம்ஸ் ஏழு ஏழாகப் போகும். எட்டாவது அடிக்குக் காலைத் தூக்கினால் படி இருக்காது, விழுவோம். விழுந்து விழுந்து பழகியபின் எட்டு எண்ணுகிற பாட்டெல்லாம் சோம்பேறித்தனமாகத் தெரியும்.

மூன்றாவது: 'கோபித்துக்கொண்டு போன பெட்டி', இரண்டாம் பக்கம். அதுவும் ப்ரோக். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அடக்க ஒடுக்கமாக இருந்த ஆர்கன் பெட்டி, ஒருநாள் பீடத்திலிருந்து இறங்கி, வாசல் கதவை உதைத்துத் திறந்துகொண்டு தெருவில் போனால் எப்படி இருக்கும்? பன்னிரண்டாவது நிமிடத்தில் அழுகிறது. பிறகு திரும்பிப் பார்க்காமல் போகிறது.

இரண்டாவது: 'முனகுகிறவர்', இரண்டாம் பக்கம். ஜாஸ். பியானோ வாசித்துக்கொண்டே அவர் கூட முனகுகிறார், சுருதி சேராமல். அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். விட்டவர் நன்றாக இருக்கட்டும்.

முதலாவது, சாம்பல் அட்டை. முதல் பக்கம்.

இதற்கு மட்டும் ஜாஸ்லின் நோட்டில் ஏழு பக்கம் இருக்கிறது. ஊதுகிறவர் ஒரு சுரத்தில் நிற்கிறார். அடுத்ததற்குப் போகலாமா, போனால் யாராவது ஏதாவது சொல்வார்களா என்று யோசிக்கிறார். பின்னால் இருக்கிற மூன்று பேரும் காத்திருக்கிறார்கள். யாரும் மேசையைத் தட்டவில்லை. சிம்பல் சத்தம் கடற்கரைப் பாறைகளுக்கு நடுவே ஏறிய தண்ணீர் திரும்பிப் போவதுபோல நேரம் எடுத்துக்கொண்டு போகிறது. பிறகு அவர் ஊதுகிறார். தாழ்ந்த குரல். திக்குகிற குரல் இல்லை. மெதுவாகப் பேச அனுமதி பெற்ற குரல். இப்படி ஒரு ஆள் உலகத்தில் எங்கோ இருந்திருக்கிறார், அவரையும் மூன்று பேர் காத்திருந்து கேட்டிருக்கிறார்கள் என்று அவள் எழுதினாள். அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு.

சாருடைய பட்டியலிலும் முதலிடம் அதற்குத்தான். 'அவசரமற்ற மேதைமை. டெனர் சாக்ஸபோனை இவ்வளவு ஆழத்தில் வாசித்தவர் வேறில்லை.' கண்ணாடிக்குள், தங்க நிற எழுத்தில்.

4

போன ஞாயிறு ஒரு பெரியவர் வந்தார். ஜூலியன். வயது எழுபதுக்கு மேல், பிரான்சில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அந்தத் தட்டெல்லாம் ஒரு காலத்தில் அவருடையவை. பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவரை, சார் முன்வரிசையில் உட்காரவைத்து, பிரெஞ்சு முறையில் மரியாதை கொடுத்து, "முசியேவுக்காக இன்னிக்கு நம்ம நம்பர் ஒன்" என்று ஜாஸ்லினைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஊசி இறங்கியது. பத்து நொடி ஆகியிருக்காது. பெரியவர் காதில் கையை வைத்தார். பிறகு வாயில் வைத்தார். அப்புறம் சிரிக்கத் தொடங்கினார், இருமல் வரும்வரை.

"அட கடவுளே. இது நாப்பத்தஞ்சுல சுத்தணும்யா! ஆளுக்கு ஜுரம் வந்த மாதிரி இல்ல ஊதுறான்!"

"இல்ல முசியே, அந்த டெனரோட ஆழம்…" என்றார் சார்.

"டெனரா? அது ஆல்ட்டோ, மேல் குரல்ல பேசுற சின்ன சாக்ஸபோன். இது என் தட்டு, எனக்குத் தெரியாதா? எத்தன நாளா இப்பிடிக் கேக்குறீங்க?"

பதினொரு பேரும் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிப் பட்டியலைப் பார்த்தார்கள். பார்க்காதது போலவும் இருந்தார்கள்.

சார் எழுந்தார். நாற்காலிகளுக்கு நடுவே வந்து, ப்ளேயர் முன் குனிந்து, ஸ்விட்சின் மேலிருந்த பழுப்பு டேப்பை நகத்தால் உரித்தார். எட்டு மாத டேப், லேசில் வரவில்லை. மூன்று தடவை சுரண்டினார். எல்லோரும் பார்த்தார்கள். உரித்த டேப் விரலில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. அதை உதறிக்கொண்டே, "ஜாஸ்லின், இன்னாம்மா இது? மாத்தி வெச்சிட்டியா?" என்றார்.

பின்வரிசையில் ஒரு அம்மாள், "விடுங்க வெற்றி. பாவம், அதுக்கு இன்னா தெரியும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நிம்மதியான சிரிப்பு. எட்டு மாதம் தலையாட்டியது யார் குற்றமும் இல்லை என்று ஆகிவிட்டதே.

சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இங்கேதான் வரவேண்டும்.

"சார், நான் கேட்டேன், நீங்கதான்—" இல்லை.

"டேப்ப ஒட்டினது யாரு சார்?" நன்றாக இருக்கிறது. அவள் சொல்லவில்லை.

"என்னப் போயி அதுக்குன்னு சொல்றீங்களே, எதுக்கு—" இது நான் சொல்வது. அவளுக்கு வராது.

என் கையில்தான் பேனா இருக்கிறது. அவள் வாயில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். வைத்தால் உங்களுக்கும் கைதட்டத் தோன்றும், எனக்கும் வயிறு குளிரும். ஆனால் நடந்தது இது: காது சூடானது. அவள் பிரஷ்ஷை எடுத்து, ஓடாத இன்னொரு தட்டின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

சாம்பல் அட்டை நாற்பத்தைந்தில் ஓடியது. நல்ல இசைதான். சுறுசுறுப்பான, கெட்டிக்கார ஆள். எல்லாக் கேள்விக்கும் கையைத் தூக்குகிறவன். கூட்டம் "ஆகா, இப்பத்தான் உயிர் வந்திச்சி" என்றது. போன வாரம்வரை அதே வாய் "என்ன ஒரு நிதானம்" என்றது. ஜாஸ்லினுக்குத் தெரிந்த ஆள் அந்தத் தட்டில் இல்லை. அவர் எங்கேயும் இல்லை. இருந்ததே இல்லை.

5

இந்த இடத்தில் வெற்றி சாரைக் கொஞ்சம் நல்லவராக எழுதிப் பார்த்தேன். ஒருதலைப்பட்சமாக எழுதினால் கதை நிற்காது என்பார்களே.

[அவர் கெட்டவர் இல்லை. மழை நாளில் தன் குடையைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். 'முனகுகிறவர்' ஓடும்போது ஒருநாள் கண்ணைத் துடைத்ததை ஜாஸ்லின் பார்த்திருக்கிறாள்.]

இரண்டும் உண்மை. எழுதிவிட்டேன். கோபம் ஒரு பிடி கூடக் குறையவில்லை. இசை கேட்டு அழுகிற மனிதர் திங்கட்கிழமை காலையில் இப்படிச் செய்தார்:

சமையலறை வாசலில் நின்று, "ஜாஸ்லின், ஒரு வார்த்தைதான்மா" என்றார். "அடுத்த ஞாயிறு எல்லாரும் வருவாங்க. 'அன்னிக்கு மட்டும் நான்தான் தெரியாம மாத்தி வெச்சிட்டேன்'னு சொல்லிடு. அன்னிக்கு மட்டும்னு சொல்லணும். மத்த நாளெல்லாம் சரியாத்தான் ஓடுச்சி. புரியுதா?"

அவள் கோப்பையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டன்னா முக்காலி உனக்குத்தான். இல்லன்னா நீ இங்கயே இரு, நான் வேற ஆள வெச்சிக்கிறேன். யோசி."

போய்விட்டார். சமையலறையில் புகைபோக்கி விசிறி ஒன்று ஓடுகிறது, பஸ் எஞ்சின் மாதிரி. அது ஓடும்வரை அறையிலிருந்து ஒரு சுரம்கூட உள்ளே வராது. அவளிடம் ப்ளேயர் இல்லை. செல்போன் அம்மாவுடையது, அதில் பேசத்தான் முடியும். முக்காலி போனால் முன்னூற்றுப் பன்னிரண்டும் போயிற்று.

வைத்திக்குப்பத்து வீராயி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். விசிறியையும் மீறிக் காது கேட்கிற ஒரே பிறவி.

"இன்னாடி, ரெண்டு நாள் காஞ்ச கருவாடு மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா கோப்பைய இந்தத் தேய் தேய்க்கிற? பூவெல்லாம் அழிஞ்சிப்பூடும். சொல்லிட்டுப் போயேன். ஒரு பொய். எம்மாம் பொய் சொல்றோம். எங்க வூட்டுக்காரரு சங்கரா மீன வஞ்சரம்னு வித்தவரு."

"வாங்கினாங்களா?"

"வெள்ளக்காரன் வாங்கினான்." வீராயி கத்தியைத் துடைத்தாள். "வாயுள்ள புள்ளதான் பொழைக்கும். பாட்டு வேணுமா வேணாமா ஒனக்கு?"

"வேணும்."

"அப்புறம் இன்னா?"

"அந்த மெதுவா ஓடினது எனக்குப் புடிச்சிருந்திச்சிக்கா. தப்புன்னா நான் எப்பிடிச் சொல்றது?"

வீராயி வெங்காயக் கண்ணோடு அவளைப் பார்த்தாள். "நீ அந்தத் தட்டுக்கும் மேல இருக்கியே" என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

6

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். இந்தப் பழமொழியைச் செய்தவனும் வாயுள்ளவன்தான். வாயில்லாதவள் செய்திருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும்.

கணக்கைச் சரியாகப் பார்க்கச் சொல்கிறேன். அவள் அந்த அறையில் கேட்டது ஒரு கேள்வி. அது சரியான கேள்வி. இப்போது எல்லோர் முன்னும் அவள் நின்று பேசப்போகும் முதல் பேச்சு ஒரு பொய்யாக இருக்க வேண்டும். அதுவும் கேட்கிறவர்கள் அத்தனை பேருக்கும் பொய்யென்று தெரிந்த பொய். டேப் ஒட்டியிருந்த ஸ்விட்சை 'அன்னிக்கு மட்டும்' எப்படி மாற்றுவது? அவருக்கு வேண்டியது அவர்கள் நம்புவது இல்லை. நம்புகிறோம் என்று தலையாட்டுவது. அதில்தான் பழக்கம் இருக்கிறதே.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ. ஜாஸ்லின் பொய்யைச் சொல்கிறாள். முக்காலி கிடைக்கிறது. 'ஏழுக்காரன்', 'முனகுகிறவர்' எல்லோரும் திரும்ப வருகிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் சாம்பல் அட்டையைத் தாண்டும்போது கை— வேண்டாம்.

ஆ. ஜாஸ்லின் நிமிர்ந்து நின்று, நடந்ததையெல்லாம் சொல்லி, "இசைக்கு வேகம் இருக்கலாம் சார், மனுஷனுக்கு—" சீ. இது பேச்சுப்போட்டி. எட்டு மாதத்தில் நான்கு சொல்லுக்குமேல் சேர்த்துப் பேசாதவள் இரண்டு நாளில் மேடைப் பேச்சாளி ஆகமாட்டாள். அப்படி ஆனால்தான் நியாயம் கிடைக்கும் என்றால் அந்த நியாயம் யாருக்கு?

இ. வீராயி கரண்டியோடு வருகிறாள். (எழுதும்போது சிரிப்பு வந்தது. அதற்காகவே கிழித்தேன்.)

ஆகவே நாளை மறுநாளை, எனக்குத் தெரிந்தவரை மட்டும் எழுதுகிறேன்.

நாலு மணி. பதினொரு பேரும் வந்தாயிற்று. சிலர் காபியை ஊதிக்கொண்டிருக்கிறார்கள். சார் எழுந்து, "தொடங்குறதுக்கு முன்னாடி நம்ம ஜாஸ்லின் ஒண்ணு சொல்லணும்னு ஆசப்படுது" என்கிறார். சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்கிறார், வாசல் பக்கம், கடைசியில்.

ஜாஸ்லின் எழுந்து நிற்கிறாள். காது சூடாகிறது. "சொல்லும்மா, சீக்கிரம்" என்கிறார் யாரோ.

அவள் திரும்பி, அடுக்கிலிருந்து சாம்பல் அட்டையை எடுக்கிறாள். தட்டை விளிம்பில் பிடித்து வைக்கிறாள். தூசி தட்டுகிறாள். ஸ்விட்சை முப்பத்திமூன்றுக்குத் தள்ளுகிறாள். சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது. ஊசியை விழ விடவில்லை, இறக்குகிறாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்துகொள்கிறாள்.

ஊதுகிறவர் முதல் சுரத்தில் நின்று யோசிக்கிறார். அந்தப் பக்கம் முடிய, இந்த வேகத்தில், பத்தொன்பது நிமிடம்.

வெற்றி சார் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருக்கிறது. ப்ளேயரை நிறுத்த வருகிறார்.

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. எழுதமாட்டேன். இதுவரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அவள் என்ன செய்வாள், என்ன செய்வாள் என்று. அவள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். அவருக்கும் ப்ளேயருக்கும் நடுவே இரண்டு வரிசை நாற்காலி. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான். அந்த நாற்காலிகளில் ஒன்றில் நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். காலை மடக்கினால் அவர் போய்விடலாம். மடக்காவிட்டால் போக முடியாது.

"கொஞ்சம் வழி விடுங்க" என்கிறார்.

உங்களிடம்தான் கேட்கிறார்.